பட்டன் அமுக்குற படிப்பு இல்லீங்க இது

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ரெண்டு வாரம் என் போன் ஓயாது. அதுல பாதிக் கூப்பாடு காங்கேயம், வெள்ளகோவில், ஊதியூர் பக்கத்துல இருந்துதான் வரும். சொந்த ஊருக்காரிங்கற உரிமை. "கண்ணு, நம்ம புள்ள 480 மார்க் வாங்கியிருக்கறா. டாக்டருக்குப் பத்தாது. நர்சிங் வேண்டாங்கறா. எக்ஸ்ரே படிப்பு ஒரே வருசத்துல முடிஞ்சிரும், உடனே வேலைங்கறாங்க. சேத்தி விட்டறலாமா?" இதுதான் கேள்வி. ஆளுக்கு ஆள் மார்க் மாறும், கேள்வி மாறாது. தனித்தனியா அரைமணி நேரம் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இன்னிக்கு மைக் முன்னாடி உக்காந்திருக்கேன்.

நான் கோயம்புத்தூர்ல 18 வருசமா ரேடியோகிராபர். கடைசி 6 வருசமா மாணவர்களுக்கு கிளினிக்கல் பயிற்சியும் கொடுக்கறேன். எந்த ஆஸ்பத்திரிங்கறது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை.

முதல்ல அந்த "ஒரே வருசம்" விசயத்தைப் பேசிடலாம். தமிழ்நாட்டுல இதுக்கு ஒழுங்கான பாதைகள் இருக்கு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோட பி.எஸ்சி ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி: 3 வருசம் பாடம், அதுக்கப்புறம் 1 வருசம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவுல இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருக்கணும். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கற தேர்வுக்குழு கவுன்சிலிங் நடத்துது. இதுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். இது தெரியாமயே நெறைய வீட்டுல விண்ணப்பத் தேதியைக் கோட்டை விட்டுடறாங்க. டிகிரி வேண்டாம்னா டிப்ளமோ இருக்கு. அரசு மருத்துவக் கல்லூரிகள்ல சி.ஆர்.ஏ.ன்னு சொல்ற ரேடியாலஜிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு இருக்கு. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. அறிவிப்பு வர்றப்ப அதுல என்ன தகுதி போட்டிருக்குன்னு பழைய அறிவிப்பு ஒண்ணை இறக்கிப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் படிப்பைத் தேர்ந்தெடுங்க. சேந்ததுக்கு அப்புறம் படிச்சுப் பிரயோசனம் இல்லை.

இது ஏதோ புதுசா முளைச்ச படிப்பும் இல்லை. ரான்ட்ஜன் ஜெர்மனியில எக்ஸ் கதிரைக் கண்டுபிடிச்சது 1895 நவம்பர்ல. சென்னை பொது மருத்துவமனையில பர்னார்டு கதிரியக்க நிலையம் திறந்தது 1934ல. நம்ம ஊர்ல இந்தத் தொழிலுக்குத் தொண்ணூறு வருசப் பாரம்பரியம் இருக்கு. அப்படி இருந்தும் இன்னிக்கும் மாடியில ரெண்டு ரூம் வாடகைக்குப் பிடிச்சு, வாசல்ல பேனர் கட்டி, "100 சதவீதம் வேலை உத்தரவாதம்"னு போட்டு ஆள் சேக்கறாங்க.

எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு. பேரு வேண்டாம். அப்பா காங்கேயத்துல தேங்காய்க் களத்துல பருப்பு உடைக்கிற வேலை. அந்த மாதிரி ஒரு இடத்துல கடன் வாங்கிச் சேத்திவிட்டாங்க. வகுப்புன்னு நடந்தது வாரத்துக்கு ரெண்டு நாள். மூணாவது மாசமே "பிராக்டிக்கல்"னு சொல்லி ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அங்க சொல்லித்தர ஆளில்லை. இருந்த ஒருத்தர் வேற பக்கம் வேலைக்குப் போயிட்டதால இவதான் மெஷினை ஓட்டியிருக்கறா. குழந்தைகளுக்குப் படம் எடுக்கறப்ப ஆட்டாம பிடிச்சுக்கற வேலையும் இவளுக்குத்தான். பேட்ஜ் கிடையாது. சம்பளம் கிடையாது, படிக்கற புள்ளைதானேன்னு. ஒரு வருசம் கழிச்சுக் கையில ஒரு கலர் சர்டிபிகேட். அதைத் தூக்கிட்டு எங்க இடத்துக்கு வேலை கேட்டு வந்தா.

புத்திசாலிப் பொண்ணு. ஒரு படத்தைக் காட்டி என்ன தப்புன்னு கேட்டேன், சரியாச் சொன்னா. ஆனா எடுக்க முடியலீங்க. எக்ஸ்ரே மெஷின் வெச்சிருக்கற எந்த இடமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி. கிட்ட அனுமதி வாங்கணும். அப்ப மெஷினை இயக்கற ஆளோட தகுதியையும் காட்டணும். அங்கீகாரம் இல்லாத சர்டிபிகேட்டை அங்க காட்ட முடியாது. அதுபோக 2021ல மத்திய அரசு சட்டம் கொண்டு வந்திருக்கு, துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்னு. ரேடியோகிராபரும் அதுக்குள்ளதான் வர்றாங்க. பதிவேட்டுல பேர் ஏறணும்னா அங்கீகரிச்ச படிப்பு வேணும். இனி வர்ற வருசங்கள்ல இந்தக் கதவு இன்னும் குறுகும், அகலமாகாது.

அந்தப் பொண்ணு இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறா. கடன் இன்னும் முடியலை. மறுபடி டிகிரி சேரச் சொன்னேன். "பாக்கலாங்க்கா"ன்னு சொல்லியிருக்கறா.

அதனால காலேஜைப் பாக்கப் போற அப்பா அம்மாவுக்கு நான் சொல்றது இதுதான். கட்டடத்தைப் பாக்காதீங்க. எந்தப் பல்கலைக்கழகத்து இணைப்பு, அந்த ஆணையைக் காட்டுங்கன்னு கேளுங்க. சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே எடுக்கறாங்க, சி.டி., எம்.ஆர்.ஐ. அங்கயே இருக்கா, இல்லை வேற எங்கயாவது அனுப்புவாங்களான்னு கேளுங்க. அப்புறம் இறுதியாண்டுப் புள்ளை ஒண்ணைத் தனியாக் கூப்பிட்டு, "கண்ணு, உனக்கு டி.எல்.டி. பேட்ஜ் எப்பக் குடுத்தாங்க?"ன்னு ஒரே கேள்வி. அது திருதிருன்னு முழிச்சா, வண்டியைத் திருப்பிக்கிட்டு ஊருக்கு வந்துருங்க.

சரி, சேந்தாச்சு. உள்ள என்ன நடக்கும்?

முதல் வருசம் உடற்கூறியல், உடலியங்கியல், இயற்பியல். இங்கதான் நம்ம அரசுப் பள்ளி, தமிழ்வழிப் புள்ளைங்க தடுமாறுவாங்க. "காறை எலும்பு"ன்னா டக்குனு தொட்டுக் காட்டுவாங்க. "கிளாவிக்கிள்"னா முழிப்பாங்க. எலும்பு தெரியாம இல்லை, பேரு தெரியலை. நான் ஒரு சின்ன நோட்டுப் போடச் சொல்லுவேன், இடது பக்கம் தமிழ்ப் பேரு, வலது பக்கம் ஆங்கிலப் பேரைத் தமிழ் எழுத்துல. மூணு மாசத்துல நோட்டு தேவைப்படாமப் போயிரும். பஸ்ல போக வரப் படிக்கலாம். காங்கேயத்துல ஏறி அவிநாசிபாளையம், பொங்கலூர், பல்லடம், சூலூர் தாண்டி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கறதுக்குள்ள கை எலும்பு மொத்தமும் முடிச்சிரலாம். நான் அப்படித்தான் முடிச்சேன்.

இயற்பியலைக் கண்டு பயப்படறவங்க அதிகம். ஆனா இந்தத் தொழிலோட மூளையே அதுதான். எக்ஸ்ரே எடுக்கறப்ப பட்டனைப் பாதி அமுக்குனதும் "விர்ர்"னு ஒரு சத்தம் கேக்கும், கவனிச்சிருக்கீங்களா? குழாய்க்குள்ள ஒரு டங்ஸ்டன் தட்டு சுத்த ஆரம்பிக்கற சத்தம் அது. நிமிசத்துக்குக் குறைஞ்சது 3000 சுத்து. எதுக்குச் சுத்தணும்? எலக்ட்ரான் வந்து அந்தத் தட்டுல மோதறப்பதான் எக்ஸ் கதிர் பொறக்குது. ஆனா மோதற சக்தியில நூத்துல ஒரு பங்குதான் கதிராகுது. மீதி 99 பங்கும் வெறும் சூடு. ஒரே இடத்துல மோதிக்கிட்டே இருந்தா 3400 டிகிரி வரைக்கும் தாங்கற டங்ஸ்டனே உருகிப்போகும். அதான் சுத்த விட்டு சூட்டைப் பரப்பி விடறாங்க. பாதி அமுக்கறது தட்டு வேகம் பிடிக்க, முழுசா அமுக்கறது கதிருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்ட புள்ளை நோயாளி மூச்சு எப்ப இழுக்கணும்னு சரியாச் சொல்லும். தட்டு வேகம் பிடிச்சு, மூச்சும் நின்ன அந்த நொடியில முழுசா அமுக்கும். புரிஞ்சுக்காத புள்ளைக்கு ரெண்டும் ஒரே பட்டன்.

அடுத்து கே.வி., எம்.ஏ.எஸ். ரெண்டு எண். கே.வி.ங்கறது கதிரோட ஊடுருவற பலம், எம்.ஏ.எஸ்.ங்கறது கதிரோட அளவு. பிலிம் காலத்துல அளவு கூடுனா படம் கறுத்துப் போகும். டார்க் ரூம்ல இருந்து வெளிய வந்ததும் தப்பு கையில தெரியும், திட்டும் விழும். இப்ப டிஜிட்டல். அளவு கம்மியானாப் படம் புள்ளி புள்ளியா வரும், டாக்டர் கேப்பார். அதிகமானா? படம் ரொம்ப அழகா வரும். கம்ப்யூட்டர் சரி பண்ணிரும். யாரும் கேக்க மாட்டாங்க. அதனால என்ன ஆகுதுன்னா, எதுக்கு வம்புன்னு ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எம்.ஏ.எஸ்.ஸைக் கூட்டிக்கிட்டே போறது. "டோஸ் கிரீப்"னு இதுக்கு ஒரு பேரே இருக்கு. நோயாளிக்குத் தேவையில்லாத கதிர் போகுது, நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கற ஒரே ஆள் ரேடியோகிராபர்தான், திரையில ஓரமா வர்ற எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணைப் பாத்தா. என் மாணவர்கள் லாக்புக்குல ஒவ்வொரு படத்துக்கும் அந்த எண்ணை எழுதணும். முனகிக்கிட்டேதான் எழுதுவாங்க.

இரண்டாம் வருசத்துல இருந்து பொசிஷனிங். புத்தகம் "கிளார்க்". கேத்லீன் கிளார்க்குங்கற அம்மா 1939ல முதல்ல வெளியிட்ட புத்தகம். பதிப்பு மேல பதிப்பா இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. அதுல எல்லாம் இருக்கு, நம்ம ஊர் நோயாளி மட்டும் இல்லை. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேவையே எடுத்துக்கங்க. குழாய்க்கும் பிளேட்டுக்கும் ஆறடி தூரம், நெஞ்சு பிளேட்டைத் தொடணும், கதிர் முதுகுப் பக்கம் இருந்து வரணும். இதயம் முன்பக்கம் இருக்கறதால பிளேட்டுக்குக் கிட்ட இருந்தாத்தான் நிழல் பெருசாகாது. தோளை முன்னாடி உருட்டுனா தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகிரும். நல்லா மூச்சிழுத்தாப் பின்பக்க விலா எலும்பு பத்து வரைக்கும் எண்ணலாம். இதெல்லாம் கிளார்க்குல இருக்கு.

இல்லாதது என்னன்னா, தாலிக்கொடியில கோத்த ஊக்கு. நம்ம அம்மாக்கள் கொடியில நாலு ஊக்கு மாட்டித்தான் வெச்சிருப்பாங்க. கழட்டுங்கன்னு சொன்னா முகம் மாறிரும். கழட்ட மாட்டாங்க, கழட்டச் சொல்றதும் சரியில்லை. "ஏனுங்க்கா, ஊக்கை மட்டும் எடுத்துத் தாங்க, கொடியை அப்படியே மேல தூக்கித் தோள் மேல போட்டுக்கறேன்"னு சொல்லணும், சொல்லிட்டு ஒரு பெண் ஊழியர்தான் அதைச் செய்யணும். அப்புறம் ஜடை. எண்ணெய் வெச்சுப் பின்னுன கெட்டி ஜடை தோள் மேல கிடந்தா நுரையீரல் உச்சியில நிழல் விழும். காசநோய் ஆரம்பத்துல தேடற இடமே அந்த உச்சிதான். ஒரு ஜடையால ஒரு பொண்ணுக்குத் தேவையில்லாத சந்தேகம், மறுபடி ஒரு எக்ஸ்ரே. ஜடையைத் தூக்கிக் கொண்டை போட அரை நிமிசம் ஆகுமா? ஆம்பளைங்களுக்கு அரைஞாண் கொடியும் தாயத்தும். இடுப்பு எலும்பு எடுக்கறப்ப தாயத்து சரியா அந்த நடுவுல வந்து நிக்கும்.

மொழியும் அப்படித்தான். "டீப் இன்ஸ்பிரேஷன்"னு யாருகிட்டச் சொல்றது? "மூச்சை நல்லா இழுங்க, தம் கட்டுங்க, அப்படியே இருங்க, ஆங், விடுங்க." காது கேக்காத பெரியவருக்குக் கண்ணாடி வழியாக் கையாலயே காட்டணும். இதை முதல் தடவைக்கு முன்னாடியே ஒருக்காச் செஞ்சு பழக்கிட்டா ரெண்டாவது படம் எடுக்கற வேலையே வராது.

இன்னொண்ணு. நம்ம பக்கம் தென்னை அதிகம். மரத்துல இருந்து விழுந்து வர்றவங்க இல்லாத மாசம் இல்லை. காலை ஊனி விழுந்தா குதிகால் நொறுங்கும். சீட்டுல டாக்டர் "குதிகால், இடது"ன்னு எழுதியிருப்பார். வலி அங்க உயிர் போறதால நோயாளியும் அதை மட்டும்தான் காட்டுவார். ஆனா விழுந்த வேகம் குதிகாலோட நிக்காது, முதுகுத்தண்டு வழியா ஏறும். குதிகால் உடைஞ்சவங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு இடுப்பு முதுகெலும்பும் உடைஞ்சிருக்கும்னு பாடப்புத்தகங்கள் சொல்லுது. சீட்டுல இல்லாத படத்தை நாமளா எடுக்கக் கூடாது. ஆனா "எங்கிருந்து விழுந்தீங்கண்ணா, எத்தனை அடி, இடுப்பு வலிக்குதா?"ன்னு கேக்கலாம். கேட்டுட்டு டாக்டருக்குப் போன் பண்ணலாம். போன வருசம் மூணாம் வருசப் பையன் ஒருத்தன் இப்படிக் கேட்டான். "லேசாப் பிடிச்ச மாதிரி இருக்குது தம்பி"ன்னார் அந்த மரமேறி. பையன் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னான். படம் எடுத்தா முதல் இடுப்பு முள்ளெலும்பு நசுங்கியிருக்கு. அவரை அதுவரைக்கும் ஸ்ட்ரெச்சர்ல இருந்து வீல்சேருக்கும், வீல்சேர்ல இருந்து மேஜைக்கும் தூக்கித் தூக்கி மாத்திக்கிட்டு இருந்தாங்க. அப்புறம்தான் பலகையோட அசையாமத் தூக்கினோம். அந்தப் பையன் தேர்வுல அறுபது மார்க்குதான் வாங்குவான்.

இனி கதிர் பாதுகாப்பு. எடிசன் கிட்ட கிளாரன்ஸ் டாலின்னு ஒரு உதவியாளர் இருந்தார். எக்ஸ்ரே குழாய் வேலை செய்யுதான்னு தன் கையையே நீட்டி நீட்டிப் பாத்தவர். கையில புண்ணாகி, புற்றாகி, ரெண்டு கையையும் வெட்டி எடுத்தும் 1904ல இறந்துட்டார். எடிசன் அதோட எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுட்டார். இதை நான் பயமுறுத்தச் சொல்லலை. அன்னிக்கு அளக்கற கருவி இல்லை, வரம்பு இல்லை. இன்னிக்கு ரெண்டும் இருக்கு, பயன்படுத்தாதவங்கதான் இருக்காங்க.

டி.எல்.டி. பேட்ஜுங்கறது நெஞ்சுல மாட்டற சின்ன அட்டை. உள்ள டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூணு இருக்கும். கதிர் பட்டா அந்தச் சக்தியைப் பிடிச்சு வெச்சுக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆய்வகத்துக்கு அனுப்புனா, சூடுபடுத்துவாங்க, அது ஒளி விடும், அந்த ஒளியை அளந்தா நம்ம மேல பட்ட கதிர் எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். ஈய ஏப்ரனுக்கு உள்பக்கம்தான் மாட்டணும். வேலை முடிஞ்சு போறப்ப ஏப்ரனோடயே எக்ஸ்ரே ரூம்ல தொங்க விட்டுட்டுப் போனா, நீங்க வீட்டுல தூங்கறப்பவும் அது கதிர் வாங்கிக்கிட்டு இருக்கும். அப்புறம் மும்பையில இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

வரம்பு என்னன்னா, தொழில்ல இருக்கறவங்களுக்கு 5 வருசச் சராசரியா வருசத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருசத்துலயும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. ஒப்பிட்டுப் பாக்க, ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02. மண்ணு, காத்து, வானம்னு இயற்கையாவே நம்ம மேல வருசத்துக்கு விழறது உலகச் சராசரி 2.4. தூரம்தான் பெரிய கவசம். ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனா கதிர் பாதியாகாது, கால்வாசியாகும். மூணு மீட்டர்னா ஒன்பதுல ஒரு பங்கு. பயிற்சிக்கு வர்ற புள்ளைங்களை நான் முதல் நாள் ரூமுக்குள்ள நிக்க வெச்சு, டேப் பிடிச்சு அளக்கச் சொல்லுவேன்.

அதனாலதான் அந்தப் பொண்ணு குழந்தைகளைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கதையைக் கேட்டப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. குழந்தையைப் பிடிக்கணும்னா கூட வந்த பெரியவங்க, கர்ப்பமா இல்லாதவங்க, ஏப்ரன் போட்டுக்கிட்டு ஒரு தடவை பிடிப்பாங்க. அவங்களுக்கு அது ஒரு தடவை. அதையே ஊழியரோ மாணவரோ தினமும் செஞ்சா கணக்கே வேற. மாணவர்களே, இது உங்களுக்கு: "நான் பிடிக்க மாட்டேனுங்க சார், அம்மாவுக்கு ஏப்ரன் குடுக்கறேன்"னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. மரியாதையாச் சொல்லுங்க, ஆனாச் சொல்லுங்க.

பெண் நோயாளி கிட்டக் கர்ப்பமா இருக்கீங்களான்னு கேக்கறதும் ஒரு பாடம்தான். கல்யாணம் ஆகாத பொண்ணு கிட்ட, அவங்கம்மா பக்கத்துல நிக்கறப்ப அந்தக் கேள்வியைக் கேட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். அம்மாவை வெளிய உக்கார வெச்சுட்டு, "தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சு அம்மிணி?"ன்னு எல்லாருகிட்டயும் கேக்கற மாதிரிக் கேக்கணும். எல்லாருகிட்டயும் கேக்கறதுதான் முக்கியம். ஆளைப் பாத்துக் கேட்டாத்தான் அது அவமானம்.

பாடப்புத்தகம் மாறிக்கிட்டே இருக்குங்கறதுக்கு ஒரு உதாரணம். அடிவயிறு, இடுப்புப் பகுதி எடுக்கறப்ப இனப்பெருக்க உறுப்புக்கு மேல ஈயத்துண்டு வைக்கணும்னு நாங்க படிச்சோம். 2019ல அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அது வழக்கமா வேண்டாம்னு சொல்லிருச்சு. சில சமயம் அந்த ஈயமே பாக்க வேண்டிய இடத்தை மறைச்சுரும், தானியங்கி மெஷின் ஈயத்தைப் பாத்துக் கதிரை இன்னும் கூட்டிரும். நோட்ஸ்ல பழசுதான் இருக்கும், தேர்வுக்கு அதை எழுதுங்க. ஆனா புதுசு எதுக்காக வந்துதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

எம்.ஆர்.ஐ. பத்தி நாளெல்லாம் பேசலாம். ஒண்ணு மட்டும். அதுல எக்ஸ் கதிர் இல்லை, அதனால பயமில்லைன்னு நினைப்பாங்க. அந்தக் காந்தம் ராத்திரியும் ஓடும், ஸ்கேன் எடுக்காதப்பவும் ஓடும். 2018 ஜனவரியில மும்பையில ஒரு ஆஸ்பத்திரியில நோயாளியோட உறவினர் ஒருத்தர் ஆக்சிஜன் சிலிண்டரோட அந்த ரூமுக்குள்ள போனார், காந்தம் சிலிண்டரோட சேத்து அவரை இழுத்து, இறந்தே போனார். உள்ள கொண்டு போகலாம்னு அவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அந்தக் கதவுல நிக்கறப்ப மாணவர், சீனியர், டாக்டர்ங்கற வரிசையெல்லாம் கிடையாது. தடுக்கறவங்கதான் பெரியவங்க. தாலிக்கொடி ஊக்கு அங்கயும் வரும், மறந்துறாதீங்க.

அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லித்தர்றோம்னு யாராவது ஆசை காட்டுனா நம்பாதீங்க. நம்ம நாட்டுல கருவின் பாலினம் கண்டறியறதைத் தடுக்கற 1994ஆம் வருசச் சட்டம் இருக்கு. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கறது தகுதி பெற்ற டாக்டர் மட்டும்தான். அவசரத்துக்கு நீ எடுத்துடும்மான்னு யார் சொன்னாலும் எடுக்கக் கூடாது.

வேலை, சம்பளம் பத்தி சுருக்கமா. ஆரம்பச் சம்பளம் தனியார்ல கம்மிதான், அதை மறைக்கறதுல அர்த்தமில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ., கேத் லேப் அனுபவம் சேரச் சேர ஏறும். இரவு ஷிப்ட் உண்டு, பொண்ணுங்களுக்கும் உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்து இந்த வேலையைத் தூக்கிருமான்னு கேக்கறாங்க. படத்தைப் படிக்கறதுல அது வந்தாச்சு. ஜடையைத் தூக்கிக் கொண்டை போட இன்னும் வரலை.

கடைசியா ஒரு கேள்வி. வெள்ளகோவில்ல இருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பொண்ணுக்கு இந்தப் படிப்புல இடம் கிடைச்சிருச்சு. ஆனா சொந்தத்துல "எக்ஸ்ரே வேலை பாத்தாக் கொழந்தை நிக்காது, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க"ன்னு சொல்றாங்களாம். பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

அம்மா, உங்க பயத்தைச் சிரிச்சுத் தள்ள மாட்டேன். என் கல்யாணத்தப்பவும் இதே பேச்சு வந்துச்சு. ஒழுங்கா வேலை பாக்கற எக்ஸ்ரே ரூம்ல, சுவத்துக்குப் பின்னாடி நின்னு படம் எடுக்கற பொண்ணுக்கு வருசத்துக்குச் சேர்ற கதிர் அந்த 20ங்கற வரம்புக்குப் பக்கத்துலயே வராது. கர்ப்பம்னு தெரிஞ்சதும் நிர்வாகத்துக்கு எழுத்துல சொல்லிரணும். அதுக்கப்புறம் பிரசவம் வரைக்கும் வயித்துக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாதுங்கறது விதி, அதுக்குத் தகுந்த மாதிரி வேலையை மாத்திக் குடுக்கணும். எனக்கு ரெண்டு கர்ப்பத்துலயும் கேத் லேப்ல இருந்து எடுத்து சாதாரண எக்ஸ்ரே ரூமுக்கு மாத்துனாங்க. பெரியவன் எட்டாவது, சின்னவ நாலாவது.

அந்தம்மா கிட்ட இதெல்லாம் போன்லயும் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "நீங்க சொல்றது செரிதானுங். ஆனா வாயால சொன்னா எங்க மாமியார் நம்ப மாட்டாங்க. காயிதத்துல எதாச்சு இருக்குங்களா?"ன்னாங்க. இருக்கு. என்னோட 18 வருசத்து டோஸ் ரிப்போர்ட் ஒரு பைல்ல இருக்கு, பெரும்பாலான காலாண்டுக்கு அளக்கற அளவுக்குக் கூட எதுவும் பதிவாகலை. ரெண்டு கர்ப்ப காலத்துப் பக்கங்களையும் பேட்ஜ் எண்ணை மறைச்சு வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கேன். நீலக் குறி விழுந்திருச்சு, பதில் இன்னும் வரலை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.